டெலிகிராம் டெஸ்க்டாப்பில் வீடியோ ஓட மறுத்தால்

"டேய், சத்தம் மட்டும் வருது. படம் கறுப்பா நிக்குது" என்று அக்கா போன் செய்தாள். குடும்பக் குழுவில் யாரோ போட்ட வளைகாப்பு வீடியோ. கைப்பேசியில் நன்றாக ஓடுகிறதாம், கணினியில்தான் இப்படியாம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தாள். கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு கோடெக் பேக்கையும் (வீடியோவை விரிக்கும் நிரல்களின் தொகுப்பு) இறக்கி வைத்திருந்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அவளுடைய பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல், வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. ஒரே ஒரு சுவிட்சை அணைத்ததும் படம் வந்துவிட்டது. ஒரு நிமிட வேலை. அதற்கு முன் அவள் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருந்தாள்.

அந்த மாலைப் பொழுதை மிச்சம் பிடிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஒரு வீடியோ நம் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் நான்கு கை மாறுகிறது. முதலில் கோப்பு, அதை எடுத்தவரின் கேமரா எழுதியது. அடுத்து இணையம், அந்தக் கோப்பைத் துண்டு துண்டாக உங்கள் கணினிக்குக் கொண்டுவருகிறது. மூன்றாவது, செயலிக்குள் இருக்கும் டிகோடர். சுருக்கி வைத்த தகவலைப் படங்களாக விரிக்கிறது. நான்காவது, அந்தப் படங்களைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் சிப். எந்தக் கையில் பிசகு என்று தெரியாமல் கண்டதையும் மாற்றிக்கொண்டே போனால், நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். எனவே முதலில் பிரித்துப் பார்ப்போம், அப்புறம் கை வைப்போம்.

விண்டோஸ் கணினியில் ஓடும் டெலிகிராம் டெஸ்க்டாப்பை வைத்தே எழுதுகிறேன். மெனு பெயர்களை ஆங்கிலத்தில் திரையில் தெரிகிறபடி தமிழில் ஒலித்துச் சொல்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு சில சுவிட்சுகள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும். சொன்ன இடத்தில் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் தேடுங்கள்.

நோயைச் சரியாகச் சொல்லுங்கள்

"வீடியோ வரல" என்பது மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்ல" என்று சொல்வது மாதிரி. என்ன நடக்கிறது என்பதைத் துல்லியமாகப் பாருங்கள். வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? சத்தம் வந்து படம் கறுப்பாக இருக்கிறதா? படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகச் சிதறியோ தெரிகிறதா? ஓடி ஓடி நிற்கிறதா? படம் வந்து சத்தம் இல்லையா? தொட்டால் ஓடாமல் வெறும் கோப்பு மாதிரி இறங்குகிறதா? ஒவ்வொன்றும் வேறு வேறு கையைக் காட்டுகிறது. வட்டம் சுற்றினால் பெரும்பாலும் இணையம். சத்தம் இருந்து படம் இல்லை, அல்லது படம் பச்சை என்றால் டிகோடரும் கிராபிக்ஸும். கோப்பாக மட்டும் இறங்கினால் கோப்பின் வடிவம்.

அடுத்த கேள்வி: ஒரே ஒரு வீடியோவில் மட்டும் இப்படியா, எல்லாவற்றிலுமா? வேறு இரண்டு சாட்டுகளுக்குப் போய், வேறு வேறு ஆட்கள் அனுப்பிய மூன்று வீடியோக்களை ஓட்டிப் பாருங்கள். மற்றவை எல்லாம் ஓடி இது மட்டும் மறுத்தால் செயலியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எல்லாமே மறுத்தால் கோப்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும், ஆனால் யாரும் செய்வதில்லை.

"என் போனில் ஓடுகிறதே, அப்போது கோப்பு சரிதானே" என்று கேட்பீர்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றைய கைப்பேசிகளில் புதிய வகை வீடியோக்களை விரிப்பதற்கென்றே தனி வன்பொருள் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்பில் அது இல்லாமல் இருக்கலாம். கைப்பேசியில் ஓடுவது, கோப்பு உடைந்துபோகவில்லை என்பதற்கு மட்டும் சாட்சி.

இன்னொன்று. சாட்டில் ஸ்க்ரோல் செய்யும்போது வீடியோ தானாக ஓடவில்லை என்பது கோளாறே இல்லை. செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ஆட்டோமேட்டிக் மீடியா டவுன்லோடு பகுதியில் தனிப்பட்ட சாட், குழு, சேனல் என்று தனித்தனியாக அதற்கான அமைப்புகள் உண்டு. தானாக ஓடும்போது சத்தம் இல்லாமல்தான் ஓடும்; அதன்மேல் கிளிக் செய்தால்தான் சத்தம் வரும்.

இறக்கி, வேறு பிளேயரில் ஓட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள். சாட்டில் அந்த வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து 'சேவ் வீடியோ ஆஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழுக்க இறங்கி முடிகிற வரை காத்திருங்கள். பிறகு அதை விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள்.

விஎல்சி ஏன்? 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. இன்றும் இலவசம், விளம்பரமும் கிடையாது. முக்கியமாக, விண்டோஸில் எந்தக் கோடெக் இருக்கிறது, எது இல்லை என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் தன் சொந்த டிகோடர்களையே பயன்படுத்தும். வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் குப்பையைச் சேர்த்துக் கட்டித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

இப்போது என்ன நடந்தது என்று பாருங்கள். கோப்பு இறங்கியே முடியவில்லை என்றால் இணையம், அல்லது டிஸ்க்கில் இடம் இல்லை. இறங்கி விஎல்சியில் ஜம்மென்று ஓடினால், கோப்பும் இணையமும் குற்றமற்றவை. செயலியின் டிகோடிங்கையும் கிராபிக்ஸையும் பார்க்க வேண்டும். விஎல்சியிலும் ஓடவில்லை என்றால் கோப்பின் மேல் சந்தேகம்.

ஆனால் இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து விஎல்சியும் இயல்பாகவே கிராபிக்ஸ் சிப்பின் உதவியோடுதான் வீடியோவை விரிக்கிறது. டிரைவர் கெட்டிருந்தால் இரண்டு இடத்திலும் கறுப்புத் திரைதான் வரும், நீங்கள் பாவம் கோப்பைத் திட்டுவீர்கள். அதனால் விஎல்சியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டடு டிகோடிங் என்பதை 'டிஸேபிள்' என்று மாற்றி, விஎல்சியை மூடித் திறந்து, மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். இப்போதும் ஓடவில்லை என்றால்தான் கோப்பு குற்றவாளி.

சில சேனல்களில் 'சேவ்' என்ற வரியே வராது. சேனல் நடத்துபவர் சேமிப்பதைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அங்கே அதே வீடியோவை பிரவுசரில் டெலிகிராம் வெப் வழியாகத் திறந்து ஒப்பிடுங்கள். அது அவ்வளவு தெளிவான சோதனை இல்லை, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

கோப்பில் கோளாறு என்றால்

எம்பி4 என்று முடிகிற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எம்பி4 என்பது டிபன் டப்பா. உள்ளே இருப்பது இட்லியா இடியாப்பமா என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கிய முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். விஎல்சியில் வீடியோ திறந்திருக்கும்போது கன்ட்ரோல் விசையோடு ஜே அழுத்தினால் கோடெக் விவரம் வரும்.

ஹெச்264 என்று இருந்தால் நிம்மதி. 2003இல் வந்த தரம். இன்று புழக்கத்தில் உள்ள எந்தக் கணினியும் அதைத் தூக்கத்தில்கூட விரித்துவிடும். ஹெச்இவிசி அல்லது ஹெச்265 என்று இருந்தால் கவனம். இது 2013இல் வந்தது. அதே தரத்தைக் குறைந்த இடத்தில் அடைக்கும், ஆனால் விரிப்பதற்குக் கணக்கு அதிகம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஆதரவுள்ள ஐபோன்கள் 'ஹை எஃபிஷியன்சி' என்ற பெயரில் இந்த முறையில் பதிவு செய்கின்றன. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்தத் தேர்வு உண்டு. கணினிப் பக்கம் பார்த்தால், இன்டெல் சிப்களில் 6ஆம் தலைமுறையிலிருந்துதான் ஹெச்இவிசிக்கு முழுமையான வன்பொருள் உதவி வந்தது. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வகைக்கு 7ஆம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் 4கே ஹெச்இவிசி வீடியோ போட்டால் முழுப் பாரமும் சிபியு, அதாவது கணினியின் மையச் செயலியின் தலையில் விழும். விசிறி இரையும், படம் திக்கித் திக்கி நகரும். ஏவி1 என்று இருந்தால் இன்னும் புதிது. இன்டெலில் 11ஆம் தலைமுறைக்கு முன்னால் அதற்கு வன்பொருள் உதவியே இல்லை.

படம் ஓடுகிறது, ஆனால் நிறம் வெளிறிப்போய்ச் சாம்பல் பூசியது மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் ஹெச்டிஆர் வீடியோ, அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் சாதாரண வீடியோவைவிட விரிந்த அளவில் பதிந்தது. ஐபோன் 12 முதலான போன்கள் டால்பி விஷன் ஹெச்டிஆரில் பதிவு செய்யக்கூடியவை. அந்த நிறக் கணக்கைச் சாதாரணத் திரைக்கு மாற்றத் தெரியாத பிளேயர் அப்படியே காட்டினால் பட்டுப்புடவை பருத்தி மாதிரிதான் தெரியும். உங்கள் கணினியில் எதுவும் கெடவில்லை. எடுத்தவர் கேமரா அமைப்பில் ஹெச்டிஆரை அணைத்துவிட்டு எடுத்தால் அடுத்த முறை சரியாக வரும்.

தொட்டால் ஓடாமல் வெறும் கோப்பாக இறங்குவது எம்கேவி, ஏவிஐ போன்ற டப்பாக்களில் வருகிற வீடியோக்களிடம் அதிகம். அனுப்பியவர் எம்பி4 வீடியோவையே 'கோப்பாக அனுப்பு' என்று போட்டிருந்தாலும் இப்படி நடக்கலாம். இறக்கி விஎல்சியில் பாருங்கள், வேலை முடிந்தது.

உண்மையிலேயே உடைந்த கோப்பும் உண்டு. எம்பி4 கோப்புக்குள் 'மூவ்' என்றொரு பகுதி இருக்கும். எந்தப் படம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்கிற பொருளடக்கம் அது. பெரும்பாலான கேமராக்கள் பதிவு முடிந்த பிறகு, கடைசியில்தான் அதை எழுதும். பாதியில் பேட்டரி தீர்ந்தால் பொருளடக்கம் எழுதப்படாமலே போய்விடும். ஒரு பள்ளி ஆண்டு விழாவை நாற்பது நிமிடம் எடுத்து, கடைசி நடனத்தின்போது என் போன் அணைந்துபோன அனுபவம் எனக்கு உண்டு. கோப்பு 3 ஜிபிக்கு மேல் இருந்தது, ஆனால் எந்தப் பிளேயரும் அதை வீடியோ என்று ஒப்புக்கொள்ளவில்லை. 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவிதான் காப்பாற்றியது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த இன்னொரு நல்ல வீடியோவை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த கோப்புக்குப் பொருளடக்கம் எழுதித் தரும். எல்லாக் கோப்பும் பிழைக்காது. முயன்று பார்ப்பதற்குச் செலவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெலிகிராம் டெஸ்க்டாப்புக்காகக் கோடெக் பேக் நிறுவாதீர்கள். அந்தச் செயலி எஃப்எஃப்எம்பெக் என்ற டிகோடர் தொகுப்பைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. நீங்கள் விண்டோஸில் எதை நிறுவினாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசுக்கு விற்கும் ஹெச்இவிசி எக்ஸ்டென்ஷனும் விண்டோஸின் சொந்த மீடியா பிளேயர், போட்டோஸ் போன்றவற்றுக்குத்தான் உதவும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்

முதலில் ஒரு கணக்கு. ஐபோனின் கேமரா அமைப்புத் திரையிலேயே ஒரு நிமிட வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எழுதியிருக்கும். ஹெச்இவிசியில் 1080பி 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு சுமார் 60 எம்பி, 4கே 30 ஃபிரேம் என்றால் 170 எம்பி, 4கே 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. இது மெகாபைட். உங்கள் இணைய இணைப்பை விற்றவர் சொல்லும் வேகம் மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே 170ஐ எட்டால் பெருக்கி அறுபதால் வகுத்தால், 4கே வீடியோ நிற்காமல் ஓடுவதற்கு நொடிக்கு சுமார் 23 மெகாபிட் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். 4கே 60 ஃபிரேமுக்கு 53. ஆனால் 1080பிக்கு வெறும் 8 போதும். '100 எம்பிபிஎஸ் பிளான்' வைத்திருந்தாலும், இரண்டு சுவர் தாண்டிய வைஃபையில் அது 15 ஆகச் சுருங்கியிருக்கலாம். வேகச் சோதனையை ரவுட்டர் பக்கத்தில் செய்யாமல் கணினி வழக்கமாக இருக்கும் இடத்தில் செய்யுங்கள். முடிந்தால் ஒரு கேபிளைச் சொருகியும் பாருங்கள்.

வேகம் போதவில்லை என்றால் மிக எளிய வழி, ஓட்டாமல் முழுக்க இறக்கி அப்புறம் பார்ப்பது. காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் இறங்கியிருக்கும். சில வீடியோக்களில் பிளேயரின் கியர் படத்தைக் கிளிக் செய்தால் தரத்தைக் குறைக்கும் தேர்வும் இருக்கும். பிரீமியம் இல்லாத கணக்குகளுக்குப் பெரிய கோப்புகள் மெதுவாக இறங்குவதும் உண்டு. அது உங்கள் இணைப்பின் பிழை இல்லை.

வேகம் நன்றாக இருந்தும் வட்டம் சுற்றுகிறது என்றால் ப்ராக்ஸியைப் பாருங்கள். உங்களுக்கும் டெலிகிராமுக்கும் நடுவில் நின்று தகவலைக் கைமாற்றும் இன்னொரு கணினி அது. செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, கனெக்ஷன் டைப். அங்கே ஏதாவது ப்ராக்ஸி தேர்வாகி இருந்தால் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். எப்போதோ ஒரு பயணத்தில் போட்ட ப்ராக்ஸியை மறந்துவிட்டு, நான் இரண்டு வாரம் இணையக் கம்பெனிக்குப் புகார் செய்துகொண்டிருந்தேன். செய்திகள் உடனுக்குடன் வந்ததால் சந்தேகமே வரவில்லை. எழுத்துக்கு வேகம் தேவையில்லை, வீடியோவுக்குத்தான் தேவை. விபிஎன் வைத்திருந்தால் அதையும் ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள்.

அடுத்து தற்காலிகச் சேமிப்பு. வீடியோ ஓடும்போது வந்த துண்டுகளைச் செயலி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். சி டிரைவ் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் அதற்கு மூச்சு முட்டும். அட்வான்ஸ்டு பகுதியிலேயே 'மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்' என்று இருக்கும். அதைத் திறந்து மீடியா கேஷைத் துடையுங்கள். பயப்பட வேண்டாம், டெலிகிராமில் சாட்டும் வீடியோவும் சர்வரில் இருக்கின்றன, தேவைப்படும்போது மறுபடி இறங்கும். ஒரு குறிப்பிட்ட வீடியோ எப்போதும் அதே இடத்தில் வந்து நின்றால், கேஷைத் துடைப்பது சில சமயம் அதையும் தீர்த்துவிடும்.

சத்தம் வந்து படம் வரவில்லை என்றால்

அக்காவின் கதை இதுதான். கோப்பு சரி, இணையம் சரி, சத்தம் வருகிறது, ஆனால் படம் கறுப்பு, பச்சை, அல்லது சிதறல். செட்டிங்ஸ், அட்வான்ஸ்டுக்குப் போய்ப் பெர்ஃபார்மன்ஸ் சார்ந்த பகுதியில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேட்டடு வீடியோ டிகோடிங்' என்ற சுவிட்சைத் தேடுங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். டெலிகிராமை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். முழுக்க என்றால், ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்துவது போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஐகானை வலது கிளிக் செய்து 'குவிட்' கொடுக்க வேண்டும்.

இந்த சுவிட்ச் என்ன செய்கிறது? இயங்கும்போது, வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கிறது. அணைத்தால் சிபியுவே செய்கிறது. சிப்பின் டிரைவரில் பிசகு இருந்தால் அணைப்பதுதான் மருந்து. ஆனால் இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு: படம் வருகிறது, திக்கித் திக்கி வருகிறது, விசிறி இரைகிறது. அங்கே சுவிட்ச் அணைந்திருப்பதே காரணமாக இருக்கலாம், இயக்கிப் பாருங்கள். 'இதை எப்போதும் அணைத்து வை' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவருடைய கணினிக்கு அது சரி, உங்களுடையதற்கு எப்படி என்று சோதித்தால்தான் தெரியும்.

சோதிப்பதற்கு நல்ல வழி டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியுவை (கிராபிக்ஸ் சிப்பின் இன்னொரு பெயர்) தேர்ந்தெடுத்தால் 'வீடியோ டிகோடு' என்று ஒரு சின்ன வரைபடம் இருக்கும். சில கார்டுகளில் 'வீடியோ கோடெக்' என்று இருக்கும். வீடியோவை ஓடவிட்டு அதைப் பாருங்கள். கோடு எழுந்தால் சிப் வேலை செய்கிறது. அது தரையோடு படுத்திருக்க, சிபியு கோடு மட்டும் மேலே ஏறினால் பாரம் முழுக்க சிபியுவில்.

சுவிட்சை மாற்றியும் பலன் இல்லையா? அதே பகுதியில் 'ஆங்கிள் கிராபிக்ஸ் பேக்எண்ட்' என்று விண்டோஸில் ஒரு தேர்வு இருக்கலாம். விரித்த படத்தைத் திரையில் வரைவது எந்த வழியில் என்பதை அது தீர்மானிக்கிறது. ஆட்டோ என்பதிலிருந்து டைரக்ட்3டி 11, அதிலும் சரியில்லை என்றால் டைரக்ட்3டி 9, கடைசியில் 'டிஸேபிள்டு' என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செயலி மறுபடி தொடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது கேவலமில்லை, நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

இதெல்லாம் சுற்றுவழி. நேர்வழி, டிரைவரைப் புதுப்பிப்பது. லேப்டாப் என்றால் அந்த மாடலுக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள டிரைவர். இல்லையென்றால் இன்டெல், என்விடியா, ஏஎம்டி தளங்கள். 'உங்கள் டிரைவர்கள் பழையவை' என்று தானாக வந்து பயமுறுத்தும் மென்பொருள்களை நம்பாதீர்கள். நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது இன்று திடீரென்று கறுப்பானால், டிரைவர் மாட்டிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் மினுங்கும். கிராபிக்ஸ் டிரைவர் தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் இன்னொரு குழப்பம் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போனால் ஒவ்வொரு செயலிக்கும் எந்தச் சிப் என்று சொல்லலாம். டெலிகிராமுக்கு 'பவர் சேவிங்' என்பதைக் கொடுத்து ஒருமுறை, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்து ஒருமுறை பாருங்கள்.

படம் இருந்து சத்தம் இல்லை என்றால்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பிளேயரில் உள்ள ஒலிக் கட்டுப்பாடு தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானை வலது கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்து, டெலிகிராமுக்கு மட்டும் ஊமை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிவியை ஹெச்டிஎம்ஐயில் இணைத்தவர்களுக்கும் புளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கும் சத்தம் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும்; டெலிகிராம் செட்டிங்ஸில் ஸ்பீக்கர்ஸ் அண்ட் கேமரா பகுதியில் எந்த சாதனம் என்று பாருங்கள். ஒரு வேடிக்கை: சத்தமே இல்லாத சின்ன வீடியோவை அனுப்பினால் டெலிகிராம் அதை ஜிஃப் ஆக்கிவிடும். மூலையில் ஜிஃப் என்று எழுதியிருந்தால் சத்தத்தைத் தேட வேண்டாம், அது அங்கே இல்லவே இல்லை.

ஒன்றுமே பலிக்கவில்லை என்றால்

நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். டெலிகிராம் தளத்தில் விண்டோஸுக்கான போர்ட்டபிள் பதிப்பு கிடைக்கும். ஜிப் கோப்பு, நிறுவ வேண்டியதில்லை. ஒரு புதிய ஃபோல்டரில் விரித்து, அங்கிருந்தே திறந்து, போனில் க்யூஆர் ஸ்கேன் செய்து உள்ளே போங்கள். அமைப்பு எதையும் தொடாமல் அதே வீடியோவை ஓட்டுங்கள். ஓடினால், உங்கள் பழைய நிறுவலின் அமைப்புகளில்தான் ஏதோ குழப்பம். ஓடாவிட்டால் எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் ஓடாது. டிரைவர் பக்கம் திரும்புங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப் ஸ்டோரில் 'டெலிகிராம்' என்றும் 'டெலிகிராம் லைட்' என்றும் இரண்டு இருக்கின்றன. நான் மேலே சொன்னவை 'லைட்' என்பதோடுதான் ஒத்துப்போகும். மற்றது வேறு நிரல், வேறு அமைப்புகள். ஒன்றில் ஓடாதது மற்றதில் ஓடக்கூடும் என்பதால் இது ஒரு வசதியும்கூட. லினக்ஸில் ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் வழியாக நிறுவியிருந்தால், டெலிகிராம் தளத்தில் உள்ள நேரடிப் பதிப்பை இறக்கி ஒப்பிடுங்கள்.

மற்ற செயலிகளிலும் அதே நான்கு கைகள்தான், சுவிட்ச் மட்டும் வேறு இடத்தில். டிஸ்கார்டில் யூசர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ஹார்டுவேர் ஆக்சிலரேஷன். வாட்ஸ்அப் வெப் உங்கள் பிரவுசரின் டிகோடரை நம்பியிருப்பதால் அங்கே பிரவுசரைத்தான் பார்க்க வேண்டும். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் சுவிட்ச் இருக்கிறது. குரோம் 107ஆம் பதிப்பிலிருந்து, வன்பொருள் உதவி உள்ள கணினிகளில் ஹெச்இவிசியை ஓட்டுகிறது; பழைய கணினியில் ஓட்டாமல் போகலாம். மீடியா வசதிகள் இல்லாமல் வருகிற விண்டோஸின் 'என்' (N) பதிப்பு வைத்திருந்தால் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா ஃபீச்சர் பேக்கை நிறுவுங்கள். சிக்னல் டெஸ்க்டாப்பில் மட்டும் 'நீக்கி மறுபடி போடு' என்ற யோசனையைக் கேட்கவே கேட்காதீர்கள். அங்கே செய்திகள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. தரவை அழித்துவிட்டால் டெலிகிராம் மாதிரி எல்லாம் திரும்பி வந்துவிடாது.

நீங்கள் அனுப்பும் வீடியோ

எல்லா வீடியோவும் யாரோ ஒருவர் அனுப்பியது. கைப்பேசியிலிருந்து டெலிகிராமில் வீடியோ போட்டால் செயலியே சுருக்கி, எங்கும் ஓடுகிற வடிவத்தில் அனுப்பும். கணினியிலிருந்து போட்டால் பெரும்பாலும் கோப்பு அப்படியே போய்விடும். 4கே ஹெச்இவிசி கேமராக் கோப்பைக் கணினியில் கொட்டி, அங்கிருந்து குழுவில் போடுகிறவர்தான் மற்றவர்களின் கறுப்புத் திரைக்கு வழக்கமான காரணம்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கோப்பை உள்ளே போடுங்கள். 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள். எம்பி4 என்ற டப்பாவில் ஹெச்264 வீடியோ வரும். சம்மரி பக்கத்தில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். முன்னே சொன்ன பொருளடக்கத்தைக் கோப்பின் கடைசியிலிருந்து முன்னுக்குக் கொண்டுவருவது அதுதான், பாதி இறங்கும்போதே ஓடத் தொடங்குவதற்கு அது உதவும். டெலிகிராமில் ஒரு கோப்புக்கு 2 ஜிபி வரம்பு, பிரீமியத்தில் 4 ஜிபி. இப்படி மாற்றிய குடும்ப வீடியோ அநேகமாக அதன் பக்கத்திலேயே வராது. ஐபோன்காரர்கள் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் 1080பி வீடியோக்களுக்கு இந்த வேலையே இல்லை.

அக்காவின் குழுவில் அந்த வளைகாப்பு வீடியோவைப் போட்ட மருமகனுக்கு இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.